புது மருந்து வந்திருக்காமே, டாக்டர்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஓர் ஆயா, அதாவது பாட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். குடல் அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் மறுபடி காய்ச்சல். இரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது. மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் போட்டும் சூடு இறங்கவில்லை. வராந்தாவில் பேரன் என்னை நிறுத்திப் போனைக் காட்டினார். டர்பனில் அவர் வயதுப் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான். இவர் ஆயா கையில் வளர்ந்தவர், தமிழிலேயே கேட்டார்: "செஃபிடெரோகால்னு புது மருந்து வந்திருக்காமே, டாக்டர். எதுக்கும் அடங்காத கிருமியையும் கொல்லுமாம். செலவைப் பத்தி யோசிக்காதீங்க, அதையே போடுங்க."

நுண்ணுயிரியல் மருத்துவராக இந்தக் கேள்வியை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் புது மருந்தை எப்படி எடைபோடுகிறோம் என்பது குடும்பத்தாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அது கெட்டிக்கார மருந்துதான். கிருமி பிழைக்க இரும்பு வேண்டும். நம் உடம்பிலிருந்து அதைத் திருடிக்கொள்ளத் தனி வாசலே வைத்திருக்கிறது. செஃபிடெரோகால் இரும்பைப் பிடித்துக்கொண்டு அதே வாசல் வழியாக உள்ளே போய்விடும். இதனாலேயே எங்களுக்குச் சோதனைக்கூடத்தில் ஒரு தொல்லையும் உண்டு. திரவத்தில் வளர்த்துச் சோதிப்பதானால் இரும்பை நீக்கிய ஊடகம்தான் வேண்டும், இல்லையென்றால் முடிவை நம்ப முடியாது. 2019 நவம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. உலக சுகாதார நிறுவனம் இதை 'ரிசர்வ்' வகையில் வைத்திருக்கிறது, அதாவது வேறு வழி இல்லாதபோது எடுக்க வேண்டியது.

சரி, நோயாளிகளிடம் எப்படி வேலை செய்தது? நிமோனியா நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையில், 14 நாளுக்குள் இறந்தவர்கள் செஃபிடெரோகாலில் 12.4%, அதிக அளவு மெரோபெனெமில் 11.6%. அந்தச் சோதனை கேட்டது 'பழையதை விட மோசமில்லையே?' என்பதை மட்டும்தான். பேரன் படித்த பக்கத்தில் இது இல்லை. மெரோபெனெம் சேர்ந்த கார்பபெனெம் வகைக்கே அடங்காத கிருமி தாக்கியவர்களிடம் இன்னொரு சோதனை நடந்தது. செஃபிடெரோகால் பெற்ற 101 பேரில் 34 பேர் இறந்தார்கள். கைவசம் இருந்த மருந்துகளில் சிறந்ததைப் பெற்ற 49 பேரில் 9 பேர். வித்தியாசம் பெரும்பாலும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமி தாக்கியவர்களிடம் தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, அதனால் மருந்துதான் கொன்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அசினெட்டோபாக்டர் நோயாளி ஒருவருக்கு இதை எழுதும்போது என் கை ஒரு நிமிடம் தயங்கும். தயங்கத்தான் வேண்டும்.

சோதனைக்கூடத் தட்டில் கிருமி சாவதும் கட்டிலில் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்க நோயாளிகளும் பங்கேற்ற மெரினோ ஆய்வு (2018) இதற்கு நல்ல சாட்சி. செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத, ஆனால் பைப்பராசிலின்-டாசோபாக்டாம் என்ற இன்னொன்றுக்குக் கட்டுப்படும் என்று சோதனைக்கூடம் சொன்ன கிருமிகள் இரத்தத்தில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். பைப்பராசிலின்-டாசோபாக்டாம் பெற்றவர்களில் 30 நாளில் 12.3% பேர் இறந்தார்கள், மெரோபெனெம் பெற்றவர்களில் 3.7% பேர். அதுவரை நானும் அந்த மருந்தைத் தைரியமாகப் பரிந்துரைத்தவள்தான்.

ஆயாவிடம் திரும்புகிறேன். அன்று காலை தட்டில் வளர்ந்திருந்த கிருமியில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி இருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் மூன்று சொட்டு விட்டேன். பதினைந்து நிமிடம். இளஞ்சிவப்பாக ஒரு கோடு எழும்பியது: ஆக்ஸா-48, கார்பபெனெம் மருந்துகளை உடைக்கக் கிருமி சுரக்கும் நொதி. இந்த நாட்டு மருத்துவமனைகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் நொதி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கோடு என்டிஎம் என்ற இன்னொரு நொதியின் இடத்தில் விழுந்திருந்தால் கதையே வேறு. ஆக்ஸா-48 என்றால் செஃப்டாசிடைம்-அவிபாக்டாம் என்ற கூட்டு மருந்து வேலை செய்யும், அதிலுள்ள அவிபாக்டாம் அந்த நொதியைத் தடுத்துவிடும். என்டிஎம்மை அவிபாக்டாமால் தடுக்க முடியாது. போன வருடம் என்டிஎம் உள்ள ஒருவருக்கு செஃபிடெரோகால் வேண்டும் என்று நானேதான் கேட்டேன்.

பேரனை ஜன்னலோரம் உட்காரவைத்து அந்தப் பட்டையைக் காட்டினேன். "தம்பி, எல்லாத்தையும் கொல்ற மருந்து ஆயாவுக்கு வேண்டாம். இந்த ஒரு கோட்டுக்கு எது சரியோ அது போதும்." வீச்சு அகலமான மருந்து குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்தே வாரிக்கொண்டு போகும், அந்தக் காலி இடத்தில் அடுத்த முரட்டுக் கிருமி குடியேறும் என்பதையும் சொன்னேன்.

அன்று மாலையே அறுவை மருத்துவர் வயிற்றில் தேங்கியிருந்த சீழை வடித்தார். என் கணிப்பில் பாதி வேலை அதுதான், மருந்து மீதிப் பாதி. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சிஸ்டர் முதல் நாளே அட்டவணையில், மருந்தின் பெயருக்குப் பக்கத்தில், நிறுத்தும் தேதியையும் எழுதி வைத்திருந்தார்.

ஏழாம் நாள் பேரன் மறுபடி வந்தார். "நல்லாத்தானே கேக்குது, இன்னும் ஒரு வாரம் போடலாமே?" சீழ் வடிந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, ஆயா கஞ்சி குடிக்கிறார், இனிமேல் போடும் ஒவ்வொரு நாளும் மருந்தை எதிர்க்கக் கிருமிக்குத்தான் பாடம் என்றேன். கொஞ்ச நேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி டாக்டர், கழட்டிடுங்க" என்றார்.