சங்காயக் கூடையில் போகும் கடலின் சோறு

பாக் நீரிணையில் தொழில் செய்யும் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் மீனைத் தரம் பிரிப்பார்கள். இறால் தனி, கணவாய் தனி, நண்டு தனி. விலைபோகாத மிச்சம் முழுவதும் சங்காயம். மீன்வள ஆய்வுக்காக அந்தக் கூடைகளைக் கொட்டிக் கிளறிப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. விரல் நீளக் காரல், நகத்தளவு நண்டு, நசுங்கிய நெத்திலி, முட்டையிடும் பருவத்தை எட்டாத சங்கராக் குஞ்சுகள் எல்லாம் அதில் கிடக்கும். சில நாள், 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள கடற்குதிரையும் கிடக்கும்.

இவை மீன்மாவு ஆலைக்குப் போய்க் கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தீவனமாகின்றன. “எப்படியும் செத்துவிட்டது, மாவாகவாவது போகட்டுமே” என்று பலரும் சொல்கிறார்கள். செத்த மீனைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்த மீன் கடலில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

கடலில் எல்லாம் வெயிலிலிருந்துதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள் வெயிலைப் பிடித்து உணவாக்குகின்றன. விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு பிடிபட்டாலே பெரிது. அவற்றை விலங்கு மிதவை உயிரிகள் தின்கின்றன. அவற்றை நெத்திலியும் சாளையும் தின்கின்றன. இவற்றை வஞ்சிரமும் சூரையும் தின்கின்றன. தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை. நீந்தவும் மூச்சுவிடவும் செலவாகி, பெரும்பகுதி வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கே போய்ச் சேரும்.

இந்தச் சிந்தனைக்கு அடித்தளமிட்டவர் ரேமண்ட் லிண்டெமன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஏரியின் உயிர்களையெல்லாம் ஆற்றல் கணக்காக எழுதிக் காட்டினார். மதிப்பீட்டாளர்கள் முதலில் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1942இல் அது வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. இறக்கும்போது அவருக்கு வயது 26.

கணக்கை நம் கடலுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வஞ்சிரம் உருவாக ஏறத்தாழ 10 கிலோ சிறுமீன் வேண்டும். அதற்கு 100 கிலோ விலங்கு மிதவை உயிரிகள். அதற்கு 1,000 கிலோ தாவர மிதவை உயிரிகள். வஞ்சிரத்தின் இரைப்பையை அறுத்துப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். பாதி செரித்து, தோல் கரைந்து, முதுகெலும்பு மட்டும் வரிசை குலையாமல் இருக்கும் சாளையும் நெத்திலியும் உள்ளே கிடக்கும். மிதவை உயிரி ஒன்றையும் நான் அதில் கண்டதில்லை. அந்த வாய்க்கும் பல்லுக்கும் அவை அகப்படுவதில்லை. சிறுமீன் வழியாக வராவிட்டால், கடலின் மேற்பரப்பில் எவ்வளவு வெயில் விழுந்தாலும் வஞ்சிரத்துக்கு அதனால் பயனில்லை. சங்காயம் என்று நாம் அள்ளுவதில் பெரும்பகுதி இந்த இணைப்புப் படிதான்.

ஒரு கிலோ மீன்மாவுக்கு நான்கு, ஐந்து கிலோ பச்சை மீன் அரைபடுகிறது. அந்தத் தீவனத்தைத் தின்னும் கோழியும் இறாலும் தம் பங்குக்கு வெப்பமாக இழக்கும். நைட்ரஜனும் பாஸ்பரசும் சுழன்று மறுபடி பயன்படும். ஆற்றல் அப்படித் திரும்பாது, ஒரு முறை போனால் போனதுதான்.

பாக் நீரிணை ஆழம் குறைந்தது. பல இடங்களில் வெயில் தரை வரை இறங்குகிறது. அதனால் இங்கே கடற்புல்லும் உணவு ஆக்குகிறது. ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு அதை நேரடியாக மேய்ந்தே அவ்வளவு பெரிய உடம்பை வளர்க்கிறது. இடையில் படிகள் இல்லாததால்தான் அது முடிகிறது. மேயப்படாத புல் மடிந்து மக்கி, பாக்டீரியா வழியாகப் புழுவுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் போகிறது. விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலைதான் இழுவை மடி. தரையை உரசிப் போகும் அது மீனோடு இந்தப் புல்லையும் பெயர்த்து வருகிறது. இறாலுக்காக மடி இழுப்பவர்கள்தான் இதில் முதலில் நஷ்டப்படப் போகிறவர்கள் என்பது எனக்கு உறுதி.

தமிழ்நாட்டு விதிப்படி மடியின் கடைசிப் பையில் கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அளவு மட்டும் போதாது. வைரவடிவக் கண்ணி, இழுக்கும்போது நீண்டு வாய் மூடிக்கொள்ளும். குஞ்சு தப்ப முடியாது. சதுரக் கண்ணி இழுப்பிலும் திறந்தே இருக்கும். பெரிய மீன் தங்கும், சிறியது வெளியேறும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகை நிறுத்திவைத்துக் காக்கும் குஞ்சுகளைத்தான், தடை முடிந்ததும் நெருக்கமான மடியால் வாரிவிடுகிறோம்.

மீன் வாங்குபவர்களுக்கும் இதில் பங்குண்டு. சிறிய மீனே வாங்கக்கூடாது என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள், அது தவறு. நெத்திலி வளர்ந்தாலும் சிறியதுதான். முற்றிய சாளையையும் நெத்திலியையும் நாமே உண்பது, அவற்றை மாவாக்கிக் கோழி வழியாக உண்பதைவிடப் பல மடங்கு சிக்கனம். தவிர்க்க வேண்டியது பெரிய மீனின் குஞ்சு. வஞ்சிரம் ஏறத்தாழ 70 செ.மீ. வளர்ந்த பிறகுதான் முட்டையிடத் தொடங்கும். ஒரு முழ நீள வஞ்சிரத்தை மலிவென்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏன் வேண்டாம் என்பதையும் விற்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.