விரற்பலகையின் வளைவும் பாதியில் அடங்கும் சுரமும்

உப்புவெளியில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்து, பழைய பாணியில் செய்யப்பட்ட அவருடைய மின்கிற்றாரை வாசித்துக்கொண்டிருந்தேன். முதலாம் தந்தியை 15ஆவது மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஒன்று) அழுத்தி மேல்நோக்கித் தள்ளியபோது, முக்கால்வாசி ஏறிய சுரம் சட்டென்று அடங்கிவிட்டது. "கடற்காத்துக்குத் தந்தி கறள் பிடிச்சிட்டுது" என்றார் அவர். திருகோணமலையில் அது நியாயமான சந்தேகந்தான். புதுத் தந்தி போட்டோம்; சுரம் அதே இடத்தில் அடங்கியது. தந்தியை இழுக்காமல் வாசித்தால் எல்லா மெட்டுகளிலும் ஒலி தெளிவாகவே இருந்தது. ஆகவே, ஏதோ ஒரு மெட்டு உயர்ந்து நிற்கிறது என்றும் சொல்வதற்கில்லை. அதன்பின்தான் மெட்டுகள் பதிந்துள்ள விரற்பலகையின் வளைவைப் பார்த்தோம்.

மின்கிற்றாரின் விரற்பலகை பெரும்பாலும் ஒரு பெரிய உருளையின் மேற்பரப்பிலிருந்து நீளவாக்கில் சீவியெடுத்த கீற்றைப் போன்றது. அந்த உருளையின் ஆரையைத்தான் விரற்பலகையின் ஆரை என்கிறார்கள்; ஆரை சிறுத்தால் வளைவு கூடும். ஃபென்டர் நிறுவனத்தின் 1950களின் கிற்றார்களில் இது 7.25 அங்குலம், அதாவது 184 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் இன்றைய கிற்றார்கள் பலவற்றில் 9.5 அங்குலம், கிப்சனில் வழமையாக 12 அங்குலம், வேகமான வாசிப்புக்கெனச் செய்யப்படும் ஐபானெஸ் கிற்றார்கள் பலவற்றில் 400 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மேல். எண்களில் பெரிதாகத் தெரியும் இந்த வேறுபாடு மரத்தில் மிகச் சிறியது. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையான, 42 மில்லிமீற்றர் அகலமான நட்டின் அருகே, 184 மில்லிமீற்றர் ஆரையுள்ள பலகையின் நடுப்பகுதி விளிம்பைவிட ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். 12 அங்குல ஆரையில் அந்த உயர்வு 0.7 மில்லிமீற்றர்தான்.

இந்த அரை மில்லிமீற்றரைக் கை உணர்கிறது. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கோர்ட் வகைகளில் ஒன்றான பார் கோர்ட் பிடிக்கும்போது சுட்டுவிரல் ஆறு தந்திகளுக்கும் குறுக்கே படுக்கிறது. விரல் ஒரு நேர்கோல் போன்றதன்று; மூட்டு மடிப்புகளில் குழிந்திருப்பதால் நடுத் தந்திகளில் அழுத்தம் குறைந்து, அவை மந்தமாக ஒலிக்கும். பலகையின் நடு சற்று உயர்ந்திருந்தால் அந்தத் தந்திகள் தாமாகவே விரலை நோக்கி எழுந்து வருகின்றன. மணிக்கணக்காகத் தாளக் கிற்றார் வாசிப்பவர்கள் வளைவான பலகையை விரும்புவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் "கழுத்து கைக்குப் பொருந்தவில்லை" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் கழுத்தின் பின்புறத் தடிப்பையும் உருவத்தையுமே உணர்கிறார்கள். அது விரற்பலகையின் ஆரையோடு தொடர்பில்லாத வேறோர் அளவு.

சுரம் ஏன் அடங்கியது என்பதை ஒரு தண்ணீர்க் குழாயையும் அடிமட்டத்தையும் வைத்துப் பார்க்கலாம். அடிமட்டத்தைக் குழாயின் நீளவாக்கில் வைத்தால் முழு நீளமும் ஒட்டி நிற்கும். சற்றே திருப்பினால் ஓரிடத்தில் மட்டும் குழாயைத் தொட்டு, இரு முனைகளும் மேலெழும். அந்த முனைகளைக் குழாயோடு அழுத்த வேண்டுமானால் இடையிலுள்ள குழாயின் முதுகு அடிமட்டத்தைத் தடுக்கும். இழுக்கப்பட்ட தந்தியின் நிலையும் அதுதான். அதன் ஒரு முனை பலகையின் உயர்ந்த நடுப்பகுதிக்கு வந்துவிடுகிறது. மறுமுனையோ விளிம்புப் பக்கத்தில், உடற்பகுதியில் தந்தியைத் தாங்கும் தாழ்வான சேடிலிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே பலகையின் முதுகு தந்தியை நெருங்குகிறது. இவ்வாறு தந்தி 15 மில்லிமீற்றர் குறுக்கே ஓடுமானால், 184 மில்லிமீற்றர் ஆரையில் அது சேடிலை ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் கீழே இறக்கியதற்குச் சமம். 12 அங்குல ஆரையில் 0.4 மில்லிமீற்றருக்கும் குறைவு. தந்தி முன்பே தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால், அதிர்வதற்கு இடம் போதாமல் முன்னாலுள்ள மெட்டில் உரசி ஒலி செத்துவிடும். வீணையின் மெட்டுகள் வளைவில்லாத நேரான கட்டைகள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கமகத்துக்காகத் தந்தியை எவ்வளவு இழுத்தாலும் இந்தச் சிக்கல் அங்கே எழுவதில்லை.

கிற்றாரின் தந்திகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுவதுமில்லை. நட்டில் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் அகலத்தில் புறப்பட்டு, சேடில்கள் அமைந்த பிரிட்ஜில் 52 மில்லிமீற்றர் வரை விரிகின்றன. விரிந்து செல்லும் நேர்கோடுகள் ஒட்டிக் கிடக்கக்கூடிய மேற்பரப்பு கூம்பே. இதனால்தான் ஜாக்சன் போன்ற நிறுவனங்கள் நட்டின் அருகே 12 அங்குலத்தில் தொடங்கி, உடற்பகுதியை நெருங்கும்போது 16 அங்குலமாகும் பலகைகளைச் செய்கின்றன. கோர்ட் பிடிக்கும் இடத்தில் வளைவும், தந்தியை இழுக்கும் இடத்தில் தட்டையும் ஒரே பலகையில் கிடைப்பது அழகான தீர்வு என்பேன். ஆயினும் முதல் ஐந்து மெட்டுகளுக்குள்ளேயே வாசிப்பவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆரையை அளக்கக் கருவி வாங்க வேண்டியதுமில்லை. பென்சிலில் நூலைக் கட்டி, 184, 241, 305 மில்லிமீற்றர் ஆரைகளில் தடித்த அட்டையில் வில் வரைந்து, உட்குழிவாக வெட்டி, தந்திகளைத் தளர்த்திவிட்டு மெட்டின் மேல் நிறுத்தி, பின்னால் வெளிச்சம் காட்டினால் போதும். நண்பரின் கிற்றாரில் 305 அட்டை நடுவில் முட்டி, இரு ஓரங்களிலும் வெளிச்சத்தை விட்டது. 184 அட்டை கீற்றுக்கூடத் தெரியாமல் பொருந்தியது. தந்திகளை மீண்டும் சுருதி சேர்த்து, முதலிரு தந்திகளின் சேடில் திருகுகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உயர்த்தினோம். மூன்றாவது தடவையில் 15ஆவது மெட்டிலிருந்து தள்ளிய சுரம் முழுதாக மேலேறி நின்றது. தந்தி விரலுக்கு முன்னிலும் சற்றுக் கடினமாகியிருந்தது. நண்பர் அதற்குச் சம்மதித்தார்.