ஜவ்வரிசியின் நடுவில் அந்த வெள்ளைப் புள்ளி

ஜவ்வரிசியைக் கொதிக்கவிட்டால் ஓரமெல்லாம் கண்ணாடியாகிவிடும். நடுவில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி பிடிவாதமாக நிற்கும். அது மறைந்தால்தான் வெந்தது என்று கணக்கு. அந்தப் புள்ளிக்குக் காரணம் நம் வீட்டு அடுப்பு இல்லை. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து சேகோ பேக்டரியில் அந்த முத்து பாதி வெந்த நிலையில்தான் வெளியே வருகிறது.

முதலில் சேகோ என்பது தென்கிழக்கு ஆசியாவில் ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவு. இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி நின்றுபோனது. மீன் வியாபாரமாகக் கேரளத்துக்குப் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். கிழங்கு மாவு எடுக்கும் தொழில்நுட்பம் ஷாவுக்குத் தெரிந்திருந்தது. 1943-ல் சேலத்தில் தொழில் தொடங்கியது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம், 2023-ல் புவிசார் குறியீடு. இடைப்பட்ட காலத்தில் பனை மறந்துபோய், ஜவ்வரிசி என்றாலே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, என்று ஆகிவிட்டது.

பேக்டரிகள் ஏன் கிழங்கு விளையும் காட்டை ஒட்டியே இருக்கின்றன? பிடுங்கிய குச்சிக்கிழங்கு தாங்காது. இரண்டு மூன்று நாளிலேயே சதைக்குள் நீலக்கறுப்பாகக் கோடு ஓட ஆரம்பித்துவிடும். உருளைக்கிழங்கு மாதிரி குடோனில் போட்டு வைத்து விலை பார்த்து விற்க முடியாது. விவசாயி பேரம் பேசுவதில் பாதி பலம் அங்கேயே போய்விடுகிறது.

மீதி பலத்தைத் தீர்மானிப்பது பாயிண்ட். லாரியிலிருந்து கொஞ்சம் கிழங்கு எடுத்து, வெளியில் ஒரு முறையும் தண்ணீருக்குள் முக்கி ஒரு முறையும் எடை போடுவார்கள். மாவு தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் அதிக எடை காட்டும். அதை வைத்து 25, 28 என்று பாயிண்ட் சொல்லி விலை போடுவார்கள். மழை பெய்து கிழங்கு தண்ணீர் கோத்துக்கொண்டால் பாயிண்ட் இறங்கும். பேக்டரி வாசலில் நடக்கும் சண்டைகளில் பலவும் இந்தத் தராசைச் சுற்றித்தான்.

உள்ளே போனதும் தோல் சீவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிக்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு விஷம் வெளியேறுகிறது. மரவள்ளிச் செல்லில் லினமாரின் என்ற பொருள் உள்ளறையில், அதை உடைக்கும் நொதி வெளிச்சுவரில் இருக்கின்றன. பாக்கும் சுண்ணாம்பும் வாயில் சேர்ந்தால்தானே சிவக்கும். அப்படி, செல் நசுங்கி இவை இரண்டும் சேர்ந்தால்தான் ஹைட்ரஜன் சயனைடு உண்டாகும். மரவள்ளிக் காட்டில் புகுந்து இலையை மேய்ந்த ஆடு சுருண்டு விழுவது இதனால்தான். ஆனால் சயனைடு தண்ணீரில் எளிதாகக் கரையும், 26 டிகிரிக்கே ஆவியாகும். நன்றாக அரைத்து, நிறையத் தண்ணீரில் அலசி, பிறகு சூடாக்கினால் ஜவ்வரிசியில் பயப்படும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. வீட்டில் முழுக் கிழங்கு வேகவைக்கும்போது தோலைச் சீவிவிட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சலித்தபின் நிற்கும் சக்கை திப்பி. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மாவுப்பால் தொட்டியில் சில மணி நேரம் நின்றால், முன்பு பாயிண்ட் ஏற்றிய அதே கனம் மாவைக் கட்டியாக அடியில் படியவைக்கும். மேலே தெளிந்த நீரில் பாக்டீரியாக்கள் வேலையை ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்தவைக்கும் புளித்த வாடை அதுதான்.

ஈர மாவைப் பொடித்து, துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்குகிறார்கள். ஈரப்பசையில் துகளோடு துகள் ஒட்டி உருண்டு முத்தாகிறது. அடுத்து, எண்ணெய் தடவிய சூடான இரும்புத் தட்டு. இங்கேதான் நம் வெள்ளைப் புள்ளி பிறக்கிறது. மாவு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மணிகள். அவற்றுக்குள் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இருவகை நீள மூலக்கூறுகள் அடுக்கடுக்காக இறுகியிருக்கும். எண்ணற்ற மணிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரியும். தண்ணீரோடு 60-70 டிகிரிக்குச் சூடானால் அடுக்கு குலைந்து, மணி உப்பி, கூழாகி, ஒளியை உள்ளே விடும். தட்டில் வறுபடும்போது முத்தின் மேற்பரப்பு மட்டும் இப்படிக் கூழாகி ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. உள்ளே பச்சை மாவு அப்படியே இருக்கிறது. நாம் கொதிக்கவிடும்போது கடைசியாக வெப்பமும் தண்ணீரும் போய்ச் சேரும் இடம் நடுப்புள்ளி.

இது மாவு ஜவ்வரிசி. வறுக்காமல் ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் நைலான் ஜவ்வரிசி. அது பாயசத்தில் முத்து முத்தாக நிற்கும். மாவு ஜவ்வரிசி குழைந்து கூழாகும், வடாமுக்கு அதுதான் தோது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ஜவ்வரிசியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. கண்ணைப் பறிக்கும் வெள்ளையையும் நம்பிவிடாதீர்கள். தோலை ஒழுங்காகச் சீவாத கிழங்கின் அழுக்கு நிறத்தை மறைக்க ரசாயனம் போடுவதும் இந்தத் தொழிலில் உண்டு.

இரவு பிரிட்ஜில் வைத்த பாயசம் காலையில் கட்டியாகி, முத்துகள் மறுபடி வெளுத்திருக்கும். கெட்டுப்போகவில்லை. குலைந்த மூலக்கூறுகள் குளிரில் திரும்ப அடுக்காகின்றன. கொஞ்சம் பால் ஊற்றிச் சூடாக்கினால் பெருமளவு பழைய நிலைக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் மாடியில் காயும் வடாமில் கதை வேறு. கூழ் காய்ந்து கண்ணாடியாக இறுகும்போது கொஞ்சம் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. கொதிக்கும் எண்ணெயில் மாவு இளகும் அதே நொடியில் அந்த ஈரம் ஆவியாகி அதை ஊதிவிடுகிறது. அரைகுறையாகக் காய்ந்தது பொரியாமல் எண்ணெய் குடிக்கும்.

சரி, உடம்புக்கு? 100 கிராம் ஜவ்வரிசியில் ஏறக்குறைய 350 கலோரி, கிட்டத்தட்ட எல்லாமே மாவுச்சத்து. புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது, நார்ச்சத்தும் சொற்பம். சத்தெல்லாம் திப்பியோடும் தண்ணீரோடும் போன பிறகு மிஞ்சுவதுதானே இது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சியாகக் கொடுப்பது நியாயம்தான்: சீக்கிரம் செரிக்கும், குளூட்டன் கிடையாது. சீக்கிரம் செரிக்கிறது என்றால் சர்க்கரையும் சீக்கிரம் ஏறும் என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்கக் கூடாது. சேலத்து மூட்டைகள் அதிகம் போய்ச் சேரும் மகாராஷ்டிரத்தில் விரத நாள் கிச்சடிக்கு ஜவ்வரிசியை நன்றாகக் கழுவி, முத்து நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு ஊறவைத்து, வறுத்த வேர்க்கடலைப் பொடியைத் தாராளமாகப் பிசறுவார்கள். பொடி மேல் ஈரத்தை இழுத்துக்கொண்டு முத்துகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. ஜவ்வரிசியில் இல்லாத புரதத்தைக் கடலை தருகிறது, சர்க்கரை ஏறும் வேகமும் கொஞ்சம் மட்டுப்படுகிறது.