உப்புக்காற்றுக்கு யார் வாரண்டி?

குளச்சலில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஏ.சி.யின் வெளி யூனிட்டைத் தொட்டுப் பார்த்தேன். அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. வாங்கி நான்கு வருடம்கூட ஆகவில்லை. “உப்புக்காத்து தின்னுட்டு அண்ணே” என்றார் மெக்கானிக். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அது சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம்தான். ஐந்து வருட எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு அக்கா தனியாகப் பணம் கட்டியிருந்தாள். ஆனால் ‘துரு, அரிப்பு சேராது’ என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வாரண்டிக்கு விலை போடும் கணக்கைப் பார்த்தால்தான் அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

ஒரு ஏ.சி. எப்போது கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் ஏ.சி.யில் எத்தனை கெடும் என்று ஓரளவு சொல்லலாம். தயாரிப்பிலேயே குறை உள்ளவை முதல் சில மாதங்களில் படுத்துவிடும். அப்புறம் சில வருடம் அமைதி. பிறகு தேய்மானம் ஆரம்பிக்கும். இதைக் கணக்கிட சுவீடன் பொறியாளர் வைபுல் 1951-ல் விளக்கிய சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது. முப்பந்தலில் காற்றாலை எவ்வளவு மின்சாரம் தரும் என்று கணிக்க, காற்றின் வேகத்தை அளந்து போடுவதும் அதே சூத்திரத்தில்தான்.

கம்பெனி இலவசமாகத் தரும் முதல் வருடம் ஆரம்பக் கோளாறுகளைப் பார்த்துக்கொள்ளும். நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்த அமைதியான வருடங்களை.

ஓர் உதாரணம். 100 ஏ.சி.யில் 12 பழுதாகி, ஒவ்வொன்றுக்கும் ரூ.4,000 செலவானால் மொத்தம் ரூ.48,000. தலைக்கு ரூ.480. அதன் மேல் கடையின் கமிஷன், நிர்வாகச் செலவு, லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி. கடற்கரையில் அந்த 12 என்பது 30 ஆனால், தலைக்கு ரூ.1,200 ஆகிவிடும்.

எல்லோருக்கும் ஒரே விலை என்றால் குளச்சல்காரர்கள் விரும்பி வாங்குவார்கள், கடலிலிருந்து தள்ளி தக்கலையில் இருப்பவர்கள் வேண்டாம் என்பார்கள். வாங்குபவர்களில் பழுது கூடும், விலை ஏறும், இன்னும் சிலர் விலகுவார்கள். பழைய கார் சந்தையை வைத்து 1970-ல் இதை விளக்கிய ஜார்ஜ் அக்கர்லாஃப், 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தச் சிக்கலுக்கு நேர்மையான வழி, கடற்கரைக்குத் தனி விலை வைத்து அரிப்பையும் சேர்ப்பது. சுலபமான வழி, அரிப்பை வெட்டிவிட்டு அதே விலைக்கு விற்பது. இரண்டாவது நியாயமில்லை என்பேன். எங்கள் ஊரில் ஏ.சி.யைக் கொல்வதே அதுதானே.

‘கம்ப்ரசருக்கு 10 வருடம்’ என்ற விளம்பரமும் இதே கணக்குதான். நன்றாக மூடி ஒட்டிய அந்தப் பாகம் அதிகம் கெடுவதில்லை. கேஸ் நிரப்புவதும் கூலியும் அதில் சேருமா என்று கேட்டுப் பாருங்கள்.

புது யூனிட்டை அக்கா கடலுக்கு முதுகு காட்டும் கிழக்குச் சுவரில் மாட்டச் சொன்னாள். வாரம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு, கிணற்று நல்ல தண்ணீரைக் குழாயில் பிடித்து மெதுவாகக் கழுவிவிடுகிறாள்.