தேர்வுத் தோல்வி அன்று, சோதனைப் பிசகு

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் கட்டற்ற மென்பொருள் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பயனர்கள் தாமே பேணிவரும் ஏ.யூ.ஆர். களஞ்சியத்திலிருந்து ஒரு மென்பொருள் பொதியை எடுத்துக் கட்டிப் பார்ப்பதுதான், அதாவது மனிதர் எழுதிய மூலநிரலிலிருந்து ஓடும் வடிவுக்கு ஆக்கிப் பார்ப்பதுதான் பாடம். மாணவர்களுக்குக் கொடுத்த தமிழ்க் கையேட்டில் ‘தேர்வுத் தோல்வி ஏற்பட்டால்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. இரண்டாம் நாள் காலை ஒரு மாணவி மடிக்கணினியோடு வந்து, “அண்ணா, இந்த சாஃப்ட்வேர் தேர்வுல தோத்துடுச்சு, வேற ஏதாவது போட்டுக்கட்டுமா?” என்று கேட்டார். ‘டெஸ்ட் ஃபெயில்’ என்பதற்கான இந்த மொழியாக்கத்தைப் பல இடங்களில் பார்த்துப் பேசாமல் கடந்திருக்கிறேன். அது ஒருவரைத் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்தியதை நேரில் கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். ஏ.யூ.ஆரில் இருப்பது கட்டி முடித்த பொதி அன்று. பிகேஜிபில்ட் என்னும் செய்முறைக் கோப்பு. மேக்பிகேஜி என்ற கருவி அதைப் படித்து, மூலநிரலை இறக்கி, கட்டி, பொதியாக்கித் தருகிறது. கட்டுவதற்கும் பொதியாக்குவதற்கும் நடுவே, அக்கோப்பில் ‘செக்’ என்ற பகுதி எழுதப்பட்டிருந்தால், மென்பொருளை ஆக்கியவர்கள் கூடவே வைத்திருக்கும் சோதனைகள் ஓடும். இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஒரு சோதனை. வந்த விடை வேறாக இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். பேச்சில் இதை ‘டெஸ்ட் ஃபெயில்’ என்கிறோம்.

‘டெஸ்ட்’ என்பது மண்கலத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொன், வெள்ளியின் தரத்தை அறிய அவற்றை உருக்கிய கலம் அது. நம்முடைய ‘சோதனை’ தூய்மையாக்குதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. ‘ஃபெயில்’ ஏமாற்றுதலைக் குறித்த இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வேர்கள் இவ்வளவே.

‘தேர்வு’ தமிழ்ச்சொல், ‘சோதனை’ வடசொல், ஆகவே தேர்வையே ஆள வேண்டும் என்பார்கள். தமிழ்ச்சொல் மீது எனக்கும் குறையாத பற்று உண்டு. ஆனால் கணினித் திரையில் ‘தேர்வு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தேர்ந்தெடுத்தலுக்கும் விருப்பத்தெரிவுக்கும் அதைத்தான் எழுதிவருகிறோம். ‘2 தேர்வுகள் தோல்வி’ என்று கண்டால், நான் தெரிவு செய்த இரண்டு உருப்படிகள் ஏற்கப்படவில்லை என்றுதான் முதலில் எண்ணுவேன். திரையை விட்டு வெளியே வந்தால் தேர்வு என்பது பள்ளித் தேர்வு. அங்கே எழுதியவர் ஒருவர் இருக்கிறார், தோல்வி அவருடையது. இதனால்தான் அந்த மாணவி மென்பொருளே தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

தேர்வை மட்டும் மாற்றிச் ‘சோதனைத் தோல்வி’ என்றாலும் சரியாகாது. ஏவுகணைச் சோதனை தோல்வி என்று நாளிதழ் எழுதும்போது நடத்திய முயற்சியே கைகூடவில்லை என்று பொருள். இங்கே நிலைமை நேர்மாறு: மாறுபாட்டைக் கண்டுபிடித்து நிறுத்திய சோதனை தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. ‘சோதனைப் பிழை’ என்பதும் உதவாது. பைத்தான் நிரல்மொழியின் யூனிட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி முடிவைச் சொல்லும்போது விடை ஒத்துவராதவற்றை ஒரு கணக்காகவும், ஓடும்போதே எதிர்பாராமல் அறுந்துபோனவற்றை இன்னொரு கணக்காகவும் தருகிறது. சோதனைக்கு வேண்டிய நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பை, பொதிக்காரர் ‘செக்டிபெண்ட்ஸ்’ பட்டியலில் சேர்க்க மறந்திருந்தால் இரண்டாவது வகை வரும். அதற்குப் ‘பிழை’ நிலைத்துவிட்டது. முதல் வகைக்குத் தனிச்சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம் வாயிலேயே இருக்கிறது: பிசகு. கணக்கு பிசகுகிறது, குறி பிசகுகிறது, கால் பிசகுகிறது. இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிவிட்டது என்பதே எல்லாவற்றுக்கும் பொது. சிறுவயதில் மாடிப்படியில் விழுந்தபோது என்னைப் புத்தூர்க் கட்டுப் போடுபவரிடம் பாட்டி தூக்கிப்போனார். அவர் மணிக்கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “முறிவு இல்லம்மா, பிசகுதான்” என்றார். யூனிட்டெஸ்ட் பிரித்துக் காட்டும் வேறுபாடு ஏறத்தாழ இதுவே. பிசகு கொச்சை என்று ஒதுக்குபவர்கள் அதற்கு ஈடாக இவ்வளவு துல்லியமான சொல் ஒன்றைத் தரட்டும், ஏற்கிறேன்.

‘தோல்வி’ தீர்ப்பு வழங்கிவிடுகிறது. ‘பிசகு’ எங்கே என்று தேடச் சொல்கிறது. பிசகு மென்பொருளில் இருக்கலாம், புதுப்பதிப்புக்கு மாறிவிட்ட சார்புநூலகத்தில் இருக்கலாம், கணினியின் மொழி அமைப்பில் இருக்கலாம், சோதனையை எழுதிய விதத்திலேயே இருக்கலாம். அந்த மாணவியின் கணினியில், கட்டும்போது நடந்தவை பதிவான கோப்பைத் திறந்து பார்த்தோம். எதிர்பார்த்த தேதி 15, வந்தது 14. முந்தைய இரவு விடுதியில் 1 மணிக்குக் கட்டியிருக்கிறார். மென்பொருள் உலகப் பொதுநேரப்படி தேதி குறிக்கிறது. சோதனையோ கணினியின் உள்ளூர்த் தேதியை எதிர்பார்க்கிறது. இந்திய நேரம் 5.30 மணி முன்னே இருப்பதால் நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரை இரண்டும் ஒத்துவராது. காலை 11 மணிக்கு, எதையும் மாற்றாமல், அதே பொதி கட்டி முடிந்தது.

கையேடு சொன்ன வழி, ‘நோசெக்’ விருப்பத்தைச் சேர்த்துச் சோதனையைத் தாண்டிவிடுவது. காரணம் தெரிந்தபின் தாண்டுவதில் குற்றமில்லை. காரணத்தைத் தேடாமலே தாண்டச் சொல்லும் அறிவுரை ‘தேர்வுத் தோல்வி’ என்ற தலைப்பின் கீழ் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது பொதியைக் கட்டி, நின்ற இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேட வேண்டும். அகராதியில் ‘ஃபெயில்’ எதிரே முதலில் கண்டதை எடுத்து வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

அன்று மாலை அந்த மாணவி, ‘செக்’ பகுதியில் சோதனையை ஓட்டும் வரிக்கு முன்னால் நேர மண்டலத்தைப் பொதுநேரமாக்கிவிட்டு, பொதியைப் பேணுபவருக்கு அனுப்பக் குறிப்பு எழுதினார். தம்முடைய பயிற்சி ஏட்டில் தமிழில் அவர் எழுதிக்கொண்டது: ‘48 சோதனைகளில் 1 பிசகியது, பிழை இல்லை.’