பொத்தானின் உயரத்தை எண்ணால் பூட்டாதீர்கள்

"பதிவை உறுதிசெய்", "பதிவை ரத்துசெய்" என்று அக்கம்பக்கமாக இரண்டு பொத்தான்கள். எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஃபோனில் இரண்டிலுமே "பதிவை…" என்று மட்டும்தான் தெரிகிறது. நிறமும் ஒன்றே. மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குகிற ஆப் அது. எதைத் தொட்டால் நேரம் கிடைக்கும், எதைத் தொட்டால் கைவிட்டுப் போகும் என்று அந்தத் திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

வெளியீட்டுக்கு முன் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்த ஆப் இது. இதே கோளாறை வேறு வேறு ஆப்களில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டு, இந்த முறை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஆப்பின் நிரலைத் திறந்து பார்த்தேன். ஃப்ளட்டர் என்ற கருவியில் எழுதியது. அளவைப் பூட்டும் ஒரு சைஸ்டுபாக்ஸ், அகலம் 120, உயரம் 40. உள்ளே பொத்தான், அதற்குள் டெக்ஸ்ட், மேக்ஸ்லைன்ஸ் 1 (அதாவது ஒரே வரி), மிஞ்சினால் மூன்று புள்ளி. ஆங்கிலத்தில் "கன்ஃபர்ம்", "கேன்சல்" என்று இருந்தவரை எல்லாம் அடங்கியிருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பைச் சேர்த்தவர் ஒருவர், பொத்தானை எழுதியவர் வேறொருவர். இருவரும் தமிழ்த் திரையை ஒருமுறைகூடச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவில்லை.

கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "டிசைன்ல 120க்கு 40ன்னுதான் இருக்கு மேடம். என் ஃபோன்ல கரெக்டா வருது."

இந்தப் பதிலில் இருக்கும் தவறான எண்ணத்தைத்தான் நான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கோளாறும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. ஆப்பின் திரைகளைக் கட்டும் கருவிகளான ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸ், ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ ஆகிய மூன்றும் டிக்ளரேட்டிவ் முறையில் இயங்குபவை. எந்தப் புள்ளியில் எதை வரைய வேண்டும் என்று நீங்கள் அவற்றிடம் சொல்வதில்லை. எது எதற்கு அடுத்து, எது மிச்ச இடத்தை எடுத்துக்கொள்ளும், எது தன் உள்ளடக்கத்துக்கு ஏற்ற அளவில் நிற்கும் என்ற உறவுகளைச் சொல்கிறீர்கள். அளவைக் கணக்கிடுவது அந்த இயந்திரத்தின் வேலை. அந்தக் கணக்கு ஒவ்வொரு திரைக்கும், ஒவ்வொரு மொழிக்கும், பயனர் ஒவ்வொருவரின் எழுத்தளவுக்கும் புதிதாக நடக்கிறது. அதற்காகத்தான் இந்த முறையே வந்தது. அதில் போய் 120, 40 என்று எண்ணை எழுதினால், அந்தக் கணக்கைச் செய்யவே விடாமல் தடுக்கிறீர்கள். டிசைன் கோப்பில் இருக்கும் 120 என்பது, ஆங்கிலச் சொல்லோடு, ஒரே ஒரு திரை அகலத்தில், சாதாரண எழுத்தளவில் வந்த விடை. விடையை மட்டும் பார்த்து எழுதிவிட்டுக் கணக்கைத் தூக்கிப் போடுகிறோம். வளர்கிற பிள்ளைக்கு வளர்த்தி விட்டுத் தைக்கச் சொல்லத் தெரிந்த நமக்கு, வளர்கிற எழுத்துக்கு இடம் விடத் தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இந்த எண்ணத்தின் மறுபக்கமும் உண்டு. "நான் 100ன்னு போட்டேன், ஆனா திரை முழுக்க விரியுது, ஃப்ளட்டர்ல பக் இருக்கு" என்று சிலர் வருவார்கள். பக் எதுவும் இல்லை. ஃப்ளட்டரில் திரையின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு விட்ஜெட், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். எவ்வளவு பெரிதாகலாம் என்ற கட்டுப்பாடு மேலிருந்து கீழே இறங்கும், அளவு கீழிருந்து மேலே ஏறும், எங்கே வைப்பது என்பதை மேலே உள்ள விட்ஜெட் முடிவு செய்யும். திரையின் உச்சியில் இருப்பதற்கு "திரை முழுவதையும் அடைத்துக்கொள்" என்ற இறுக்கமான கட்டுப்பாடு வருகிறது. அங்கே நீங்கள் எழுதும் 100 செல்லாது. நடுவில் சென்டர் என்ற விட்ஜெட்டை வைத்தால், அது தளர்வான கட்டுப்பாட்டைக் கீழே அனுப்பும், அப்போது 100 செல்லும். ஸ்விஃப்ட்யூஐயிலும் மேலே இருப்பது ஓர் அளவை முன்மொழியும், உள்ளே இருப்பது தன் அளவைத் தானே முடிவு செய்யும். ஃபிரேம் என்று ஓர் அளவைப் போட்டுவிட்டால் உள்ளிருக்கும் படம் சுருங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் அதனால்தான் ஏமாறுகிறார்கள். கம்போஸில் தோற்றத்தை மாற்றும் மாடிஃபயர்களின் வரிசையே பொருளை மாற்றும்: சுற்றிலும் இடைவெளி விடும் பேடிங்குக்குப் பின், பின்னணி நிறம் தரும் பேக்ரவுண்டை எழுதினால் நிறம் உள்ளே மட்டும் விழும், முன்னால் எழுதினால் இடைவெளிக்கும் சேர்த்து விழும். இதைப் படிக்க ஒரு மாலை நேரம் போதும். அதைச் செய்யாமல் எண்ணை 4, 4 ஆகக் கூட்டிக் குறைத்துத் தடவிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

தமிழுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. நம் எழுத்துகள் மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும். உயரத்தை எண்ணால் பூட்டி, வரி இடைவெளியையும் நெருக்கினால், முதலில் வெட்டுப்படுவது மேலே இருக்கும் புள்ளியும் சுழியும். "ி"க்கும் "ீ"க்கும் வித்தியாசமே அந்தச் சுழிதான். "நீக்கு" என்ற பொத்தானில் தலை போய்விட்டால் வாசிப்பவர் ஊகித்துத்தான் தொட வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கு ஒரு பின்கதை உண்டு. உயரம் கூடுதலாக வேண்டிய தமிழ், தெலுங்கு, மலையாளம், அரபி போன்ற எழுத்துகளுக்கு, லேஅவுட் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக நெருக்கிய எழுத்துரு ஒன்றைத்தான் நெடுநாள் இயல்பாகக் காட்டிவந்தார்கள். அந்த நெருக்கலை விலக்குவதற்கானது எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பு. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட ஆப்களில் அது இயல்பிலேயே இயக்கத்தில் இருக்கிறது, எழுத்து தன் முழு உயரத்தில் வருகிறது. 16ஐ இலக்காக்கினால் அதை அணைக்கவே வழியில்லை. "அப்டேட் பண்ணினதும் தமிழ் மட்டும் வெட்டுது" என்று வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: உயரத்தை 40 என்று பூட்டியிருந்த இடங்களில்தான் அது வெட்டும்.

இனி, என்னைக் கோபப்படுத்தும் சில "தீர்வுகள்".

எழுத்தளவு மாற்றத்தையே அணைத்துவிடுவது. ஆப்பின் உச்சியில், எழுத்தளவைப் பெருக்கும் டெக்ஸ்ட்ஸ்கேலரை நோஸ்கேலிங் என்று வைத்துவிட்டு "இப்ப எல்லா ஃபோன்லயும் ஒரே மாதிரி வருது" என்கிறார்கள். ஒருவர் தன் ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார் என்றால், அவருக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை என்று பொருள். ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிகள் கேட்பதும், 200 சதவீதத்திலும் உள்ளடக்கமோ செயல்பாடோ தொலையக் கூடாது என்பதைத்தான். அதை அணைப்பது கண் மங்கியவரின் கண்ணாடியைப் பிடுங்குவதற்குச் சமம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபிட்டட்பாக்ஸில் போட்டு எழுத்தைச் சுருக்குவதும் இதே தவறுதான்.

அடுத்தது, திரை அகலத்தை வாங்கி 0.4ஆல் பெருக்கிப் பொத்தானுக்கு அகலம், 0.045ஆல் பெருக்கி எழுத்துக்கு அளவு. டேப்லெட்டில் எழுத்து பூதாகரமாக வரும். திரையைப் பிரித்து இரண்டு ஆப் திறந்தால் எறும்பு அளவுக்குப் போகும். பெருக்கி வந்ததும் எண்தானே.

மூன்றாவது: உள்ளடக்கம் இடத்தை மீறி வழிகிறது என்று எச்சரிக்க ஃப்ளட்டரில் கறுப்பு மஞ்சள் பட்டை வந்தவுடன் அதை மறைக்க மட்டும் பார்ப்பது. அந்தப் பட்டை, நாம் சோதித்துப் பார்க்கும் டீபக் பில்டில் மட்டும்தான் வரும். வெளியீட்டு பில்டில் பட்டை இருக்காது, வழிந்து போன பொத்தான் மட்டும் திரைக்கு வெளியே இருக்கும். அதேபோல, ஸ்க்ரோல் ஆகும் செங்குத்து அடுக்குக்குள், மிச்ச இடத்தை நிரப்பும் எக்ஸ்பாண்டட் வைத்தால் பிழை வரும், ஏனென்றால் முடிவில்லாத உயரத்தில் "மிச்ச இடம்" என்று ஒன்று கிடையாது. உடனே உயரம் 600 என்று எழுதி வாயை அடைத்துவிடுகிறார்கள். சின்ன ஃபோனில் அந்த 600 எங்கே போய் நிற்கும்?

ஆஃப்செட் கொடுத்து ஒரு பொருளை இழுத்து நகர்த்துவதும் வேண்டாம். அது வரையப்படும் இடம்தான் மாறும், பக்கத்தில் இருப்பவற்றுக்கு அது தெரியாது. ஃப்ளட்டரில் தனக்கு மேலே உள்ள விட்ஜெட்டின் எல்லைக்கு வெளியே நகர்ந்த பொத்தான் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் வேலை செய்யாது. இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாமல் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த குழுக்கள் உண்டு.

என்ன செய்யலாம்? உயரத்தை எழுத வேண்டுமென்றால் குறைந்தபட்ச உயரமாக எழுதுங்கள். கம்போஸில் ஹைட்இன், ஃப்ளட்டரில் கன்ஸ்ட்ரெயின்ட்பாக்ஸ், ஸ்விஃப்ட்யூஐ ஃபிரேமில் மின்ஹைட். விரல் தொடுவதற்கு கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு நெறி சொல்லும் 48 டிபி, ஆப்பிள் சொல்லும் 44 பாயின்ட், இவை கீழ் எல்லைகள். மேல் எல்லையை உள்ளடக்கத்திடம் விட்டுவிடுங்கள். அந்த மருத்துவ ஆப்பில் நான் சொன்ன மாற்றமும் சின்னதுதான்: சைஸ்டுபாக்ஸை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரம் 48, மேக்ஸ்லைன்ஸை நீக்கி எழுத்து இரண்டாம் வரிக்குப் போக விடுவது, இரண்டு பொத்தான்களையும் ஓவர்ஃப்ளோபாரில் வைப்பது. அகலம் போதாவிட்டால் அது தானாகவே ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். இதே வேலைக்குக் கம்போஸில் ஃப்ளோரோ இருக்கிறது. ஸ்விஃப்ட்யூஐயில் ஐஓஎஸ் 16 முதல் வியூதட்ஃபிட்ஸ் இருக்கிறது, கிடைமட்டத்தில் அடங்காவிட்டால் செங்குத்து அடுக்கை எடுத்துக்கொள்ளும்.

வடிவமைப்பாளர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்து ஃபிக்மா கோப்பை ஒப்படைக்காதீர்கள். இருப்பதிலேயே நீளமான தமிழ்ச் சொல்லைப் போட்டு ஒரு திரையாவது வரைந்து கொடுங்கள். "சப்மிட்" இருந்த இடத்தில் "சமர்ப்பிக்கவும்" வந்து உட்காரப் போகிறது. மொழிபெயர்ப்பாளரைச் சொல்லைச் சுருக்கச் சொல்லி நெருக்குவதும் நியாயமில்லை.

என்னிடம் அனுப்புவதற்கு முன் நீங்களே பாருங்கள். கம்போஸ் பிரிவ்யூவில் ஃபான்ட்ஸ்கேல் 2 என்று கொடுங்கள். மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லையா, ஆண்ட்ராய்டில் சோதனைக்கென்றே இருக்கும் போலி மொழியான சூடோலொக்கேலை இயக்குங்கள், அது ஆங்கிலத்தையே நீட்டிக் காட்டும். பிறகு உண்மையான ஒரு சின்ன ஃபோனை எடுத்து, மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவையும் காட்சியளவையும் கடைசிப் படிக்குத் தள்ளி, ஃபோனைப் படுக்கைவசமாகத் திருப்பி, ஒரு படிவத்தைத் திறந்து கீபோர்டை வரவழையுங்கள். சமர்ப்பிக்கும் பொத்தான் கீபோர்டுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு, ஸ்க்ரோலும் ஆகவில்லை என்றால், அந்த பில்டை அனுப்பாதீர்கள்.