டிக்கியில் இருந்தது சாம்பிளா, சரக்கா?

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் ஒரு பாடி ஷாப். ஏழு சீட் கார் ஒன்று, முன்பக்கம் ரேடியேட்டர் வரை நசுங்கி நின்றது. ஓனர் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துபவர். நான் கேமராவை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "ஃபுல் இன்சூரன்ஸுங்க சார். பம்பர் டு பம்பர். ஒரு ரூபா கையிலிருந்து போகாதுன்னு ஏஜென்ட் சொன்னாருங்க."

வாகன சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நான். மோட்டார் கிளைமில் சேதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தாக வேண்டும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், எதைத் தட்டி எடுக்கலாம் என்று எழுதுவதோடு, விபத்து நடந்தபோது வண்டி என்ன வேலையில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். கிளைம் படிவத்திலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. "சொந்த உபயோகம்" என்று கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுவார்கள். இவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

காருக்குள் எட்டிப் பார்த்தேன். பின்னால் இரண்டு வரிசை சீட்டும் மடக்கியபடி இருந்தன. மேட் முழுக்க வெள்ளைப் பஞ்சுத் தூசி. கதவுப் பையில் ஒரு டி.சி.யின் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) கார்பன் காப்பி, விபத்து நடந்த அதே தேதியில்: காம்பாக்டிங் என்ற துணி ஃபினிஷிங் வேலைக்கு 14 துணி ரோல், 318 கிலோ. ரோல்களை அன்றைக்கே வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டார்கள். டி.சி. மட்டும் தங்கிவிட்டது.

நான் கண்டதை எழுதினேன். சேதம் 2,12,000 ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி அதை 'நான்-ஸ்டாண்டர்ட்' கிளைமாக, அதாவது நிபந்தனை மீறியதால் ஒரு பங்கைக் குறைத்துத் தீர்க்கும் கிளைமாக எடுத்துக்கொண்டு 75 சதவீதம், அதாவது 1,59,000 கொடுத்தது. 53,000 ரூபாய் அவர் கையிலிருந்து போனது. முழுவதுமாகக் கைவிரித்திருக்கவும் வாய்ப்பிருந்தது.

இத்தனைக்கும் அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. தன் தொழிலுக்குத் தன் காரை ஓட்டுவதில் என்ன தப்பு என்பது அவர் எண்ணம். அதில் பாதி சரிதான். மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "ஆபீஸ் வேலைக்குக் கார் ஓட்டினால் தனியாக பிசினஸ் கவர் வாங்கணுமா?" என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் ஊர் சுற்ற ஒரு வகை, வேலைக்குப் போய்வர ஒரு வகை, தொழில் நிமித்தம் ஓட்ட இன்னொரு வகை என்று பிரித்துத்தான் பாலிசி கொடுப்பார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே தனியார் கார் பாலிசியில் 'லிமிடேஷன்ஸ் அஸ் டு யூஸ்' (உபயோக வரம்புகள்) என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். 2002ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃப் என்ற கட்டண, நிபந்தனைத் தொகுப்பிலிருந்து பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டிருக்கும் வாசகம் அது. எந்தக் காரியத்துக்கும் வண்டியை ஓட்டலாம், சிலவற்றைத் தவிர என்கிறது. வாடகைக்கு விடக் கூடாது. சரக்கு ஏற்றக் கூடாது. சாம்பிளும் சொந்தப் பெட்டி படுக்கையும் மட்டும் விலக்கு. பந்தயம், வேகச் சோதனை போன்றவை கூடாது. மோட்டார் வியாபாரம் சம்பந்தப்பட்ட எதற்கும் கூடாது.

ஆக, டாக்டர் கிளினிக்குக்குப் போகலாம். மெடிக்கல் ரெப் சாம்பிள் பையோடு ஊர் ஊராகச் சுற்றலாம். பனியன் கம்பெனியின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், பையரை (வாங்குபவரை) பார்க்கப் போகலாம். இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு பைசா கட்ட வேண்டாம். கம்பெனி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பெட்ரோல் காசும் வாடகை ஆகாது. ஓட்டுவது உங்கள் வேலைக்காக, காசு வருவது செலவை ஈடுகட்ட. ஆனால் அதே காரை மாதம் இவ்வளவு என்று பேசி ஒரு கம்பெனிக்கு 'அட்டாச்' செய்துவிட்டால் அது வாடகைதான். ஒப்பந்தத்தில் வேறு எந்தப் பெயர் போட்டிருந்தாலும் வாடகைதான்.

சரக்கில் மாட்டுவோரைவிட வாடகையில் மாட்டுவோருக்கு அடி பலம். சபரிமலை சீசனில் இதைப் பார்க்காத வருஷமே கிடையாது. வெள்ளை போர்டு வண்டி, "தெரிஞ்சவங்கதான்" என்று பேசி, நாளைக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா தனி. வழியில் விபத்து. ஆஸ்பத்திரியில் போலீஸ் வாக்குமூலம் எடுக்கும்போது வண்டியில் வந்தவர் உள்ளதைச் சொல்லிவிடுவார்: "வாடகை பேசித்தாங்க வந்தோம்." அது எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடும். அப்புறம் ஓனர் என்ன மறுத்தாலும், போனில் வந்து விழுந்த பணத்துக்கு யார் பதில் சொல்வது?

சொந்தக் கார் சேதத்தோடு போனால் பரவாயில்லை. எதிரே வந்தவர் இறந்துபோனால் வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்றால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வருவது சகஜம். 'பே அண்ட் ரிகவர்' என்பார்கள். சில வருஷம் கழித்து, வட்டியோடு சேர்த்துப் பல லட்சத்துக்கு நோட்டீஸ் வரும். சொந்த சேதத்தில் கொஞ்சம் கருணை உண்டு: வாடகைக்குப் போனது என்பதற்காக மட்டுமே கிளைமை அடியோடு மறுக்கக் கூடாது, நான்-ஸ்டாண்டர்ட் முறையில் தீர்க்கலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி வண்டியை வாடகைக்கு விடாதீர்கள்.

ஏன் இந்த ரிஸ்க் எடுக்கிறார்கள் என்பதும் தெரியாததல்ல. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். அதே இன்ஜின் டாக்ஸியாக ஓடினால் அடிப்படை 7,940, அதற்கு மேல் தலைக்கு 978. நாலு பயணிகள் என்றால் 11,852. வரி தனி. பர்மிட், எஃப்.சி. என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சலும் இருக்கிறது. நிஜமாகவே வாடகைக்கு ஓட்டப்போகிறவர் மஞ்சள் போர்டுக்கு மாறித்தான் ஆக வேண்டும். நடுவில் ஒரு வழி இருப்பதாக யாராவது சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்தது. வருமான வரிக்காக ஆடிட்டர் சொன்னார் என்று காரைக் கம்பெனி பெயரில் எடுப்பார்கள். ஓனர்-டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, ஆர்.சி. தன் பெயரில் இருந்து, முறையான லைசென்ஸும் வைத்திருக்கும் தனிமனிதருக்குத்தான். கம்பெனி என்ற 'ஆளுக்கு' லைசென்ஸ் ஏது? அதனால் முதலாளியே ஓட்டிப்போய் இறந்தாலும் அந்த 15 லட்சம் கிடையாது. பாலிசியில் அந்த வரி காலியாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. குடும்பத்தாரிடம் இதைச் சொல்ல நேர்ந்த நாள்தான் இந்த வேலையில் எனக்கு மிகக் கஷ்டமான நாள். கார் கம்பெனி பெயரில்தான் இருக்க வேண்டும் என்றால், முதலாளி தனக்கென்று தனி விபத்துக் காப்பு பாலிசி ஒன்று எடுத்துக்கொள்ளட்டும்.

ஊழியர்களை ஏற்றிப்போகும், அல்லது அவர்களிடம் சாவியைக் கொடுக்கும் முதலாளிகள் பாலிசியில் பார்க்க வேண்டிய சேர்க்கைகள் இன்னும் இரண்டு. ஐ.எம்.டி. என்பது மோட்டார் டாரிஃபில் இந்தச் சேர்க்கைகளுக்கு உள்ள எண். ஐ.எம்.டி. 28 சம்பள டிரைவருக்கானது. ஐ.எம்.டி. 29 காரில் போகும், காரை ஓட்டும் மற்ற ஊழியர்களுக்கானது. இரண்டுக்கும் தலைக்கு 50 ரூபாய்தான். ஆமாம், ஐம்பது. ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசு. ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது டிக் அடிக்க மறந்துபோகும் பெட்டிகள் இவை. கல்யாணத்துக்கோ ஆடிட்டுக்கோ வெளியூர் போக ஆக்டிங் டிரைவர் கூப்பிடுகிறவர்களும் 28ஐப் போட்டு வைப்பது நல்லது. ஆக்டிங் டிரைவரின் லைசென்ஸைக் கையில் வாங்கிப் பாருங்கள். காலாவதியாகி இருந்தால் கிளைம் அங்கேயே சிக்கும். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் டாக்ஸி ஓட்டலாமா என்ற பழைய தகராறு மட்டும் தீர்ந்துவிட்டது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு எல்.எம்.வி. எனும் இலகு ரக வாகன லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

ஆபீஸ் பழைய காருக்கு தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு, சேல்ஸ் பையன்களை நாலு பேராக அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள தனியார் கார் பாலிசியில் உள்ளே உட்கார்ந்து போகிறவர்களுக்குக் காப்பு வராது. சொந்த சேதமும் தேர்டு பார்ட்டியும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில் வரும்.

கூடுதல் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன் காப்புகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தினமும் ஓட்டுகிறவருக்கு, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டிப்ரிசியேஷன் வேண்டும். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். மழைக்கு சப்வேயில் இறங்கும் ஊர்க்காரர் இன்ஜின் புரொடக்டர் போடட்டும். ஓட்டுகிற கிலோமீட்டருக்குத் தக்கபடி பிரீமியம் குறையும் திட்டங்கள் 2022இலிருந்து பரவலாகக் கிடைக்கின்றன. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அவை ஆகாது.

உங்கள் உபயோகம் எந்தப் பக்கம் விழும் என்று சந்தேகம் இருந்தால், பாலிசி எடுக்கும் முன்பே உள்ளதை உள்ளபடி எழுதி கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். ஏஜென்ட் போனில் சொன்னதை நான் ரிப்போர்ட்டில் சேர்க்க முடியாது.

அந்தப் பனியன் யூனிட்காரர் இப்போது ரோல்களுக்கு ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கிவிட்டார். போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்ஆப்பில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. புதிய பாலிசி, அந்தச் சின்னப் பத்தியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரு கேள்வி: "சார், ஹேங்கர்ல மாட்டின 40 பீஸ் கார்ல போகுது. இது சாம்பிளுங்களா, சரக்குங்களா?"

"பையருக்குக் காட்டவா, டெலிவரியா?" என்று கேட்டேன்.

"காட்டத்தானுங்க. ஆர்டர் இன்னும் கைக்கு வரலை."

"அப்ப சாம்பிள்தான்," என்று போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.